வயிற்றுச் சுவர் மூடாமல் பிறந்த பேத்தி: ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை அறுவைப் பிரிவில் 41 நாள்கள்

நான் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தென்மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். என் மகள் வயிற்றுப் பேத்தி, குடல் முழுவதும் வயிற்றுக்கு வெளியே கிடந்த நிலையில் பிறந்து, அங்கே 41 நாள்கள் இருந்து வீடு திரும்பினாள். மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை; குழந்தையை இன்னும் அங்கேதான் காட்டிக்கொண்டிருக்கிறோம், குறைகளையும் மறைக்காமல் எழுதப்போகிறேன் என்பதால் அதுவே முறை. இதே குறைபாட்டோடு ஒரு குழந்தையை எதிர்பார்த்திருக்கும் குடும்பம், எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அங்கே எதையெல்லாம் கவனிக்க வேண்டும், எதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

ஸ்கேனிலிருந்து தொடங்க வேண்டும். மகளுக்கு 20 வயது, தலைப்பிரசவம். குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்க 20-ஆவது வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனை எங்கள் தாலுகா ஊரில் ஒரு தனியார் நிலையத்தில் எடுத்தோம். அறிக்கையில் முன்வயிற்றுச் சுவரில் குறைபாடு என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஸ்கேன் எடுத்தவர், குழந்தையின் குடல் வெளியே தெரிகிறது, இப்படிப்பட்டதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நாள் தள்ளிப்போவதற்குள் முடிவு செய்யுங்கள் என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மகள் ஸ்கேன் ஜெல்லைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். 31 ஆண்டுகள் கர்ப்பிணிகளுக்கு ஆறுதல் சொன்ன எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

அவர் சொன்னதில் குடல் வெளியே இருந்தது உண்மை. அந்த அறிக்கையில் இருந்திருக்க வேண்டிய விவரங்கள்தான் இல்லை. குடல் வெளியே இருப்பது என்பது ஒரே நோயன்று. முக்கியமாக இரண்டு உண்டு, இரண்டின் போக்கும் வேறு வேறு. ஒன்று காஸ்ட்ரோஸ்கிசிஸ்: தொப்புள்கொடி தன் இடத்தில் சரியாகவே இருக்கும், அதன் பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் ஓட்டை இருக்கும், அதன் வழியாக வெளிவந்த குடல் எந்த உறையும் இல்லாமல் பனிக்குடத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். மற்றொன்று ஆம்ஃபலோசீல்: ஓட்டை தொப்புளிலேயே இருக்கும், வெளிவந்த குடலும் சில சமயம் ஈரலும் ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் இருக்கும், கொடி அந்தப் பையின் மேல்தான் வந்து சேரும். பார்ப்பதற்கு முன்னது கொடூரமாகவும் பின்னது சாதுவாகவும் தோன்றும். ஆனால் முன்னதில் பெரும்பாலும் குடலைத் தவிர வேறெந்த உறுப்பிலும் கோளாறு இருக்காது, பின்னதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இருதயக் கோளாறோ குரோமோசோம் கோளாறோ வேறொரு குறையோ சேர்ந்து இருக்கும். எனவே கொடி எங்கே இருக்கிறது, உறை இருக்கிறதா, ஈரல் வெளியே வந்திருக்கிறதா, இருதயம் சரியாக இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அவசரப்படுத்தவும் காரணமில்லை. கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரம் கடந்தும் அதற்கு வழியுண்டு. தெளிவாகத் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் அது அந்தப் பெண்ணுடைய உரிமை; தெரியாமல் எடுக்கவைப்பது தவறு.

வீட்டில் வேறொரு விசாரணை நடந்தது. கிரகணத்தன்று மகள் வெளியே போனாளா, கத்தி எடுத்துக் காய் நறுக்கினாளா என்று சம்பந்தியம்மாள் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிந்த காரணம் அது. எல்லாக் கருவிலும் ஆறாவது வாரம் வாக்கில் குடல் வளர இடம் போதாமல் கொடிக்குள் போய், 12-ஆவது வாரத்துக்குள் திரும்பி வயிற்றுக்குள் வந்துவிடும் என்றும், சில குழந்தைகளில் சுவர் சரியாகச் சேராமல் போய்விடுகிறது என்றும், காஸ்ட்ரோஸ்கிசிஸ் வயது குறைந்த தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் அவருக்குச் சொன்னேன். ஏன் சேராமல் போகிறது என்று கேட்டார். மருத்துவ உலகத்திடமே அதற்கு உறுதியான பதில் இல்லை என்றேன். அதன் பிறகு அவர் கிரகணப் பேச்சை எடுக்கவில்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து 62 கிலோமீட்டர். அங்கே இரண்டாம் ஸ்கேன் எடுத்தவர் 40 நிமிடம் எடுத்துக்கொண்டார். கொடிக்கு வலப்பக்கம் ஓட்டை, உறை இல்லை, ஈரல் உள்ளே இருக்கிறது, இருதயம் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எங்களிடம் சொல்லியபடியே எழுதினார். அதே நாளில் மகப்பேறு மருத்துவரும் குழந்தைகள் அறுவை மருத்துவரும் சேர்ந்து எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். அறுவை மருத்துவரான அம்மையார் புறநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் கொடியை வரைந்து, அதன் பக்கத்தில் ஓட்டையை வரைந்து, "இதுதான், இவ்வளவுதான், ஆனால் இந்த இவ்வளவுக்கு ஒன்றரை மாதம் எங்களோடு இருக்க வேண்டியிருக்கும்" என்றார். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பவில்லை: குடலின் ஒரு பகுதி அடைபட்டோ அழுகியோ இருந்தால் சிகிச்சை நீளும், பத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி இருக்கலாம், பிறக்கும் முன்பே வயிற்றில் இறக்கும் ஆபத்தும் மற்றக் கருக்களைவிட இதில் அதிகம், ஆகவே கடைசி மாதங்களில் அடிக்கடி ஸ்கேன் வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன். இந்தப் பிரிவுக்கு நான் கொடுக்கும் முதல் நல்ல மதிப்பெண் அந்தப் படத்துக்குத்தான்.

அங்கேதான் பிரசவம் நடக்க வேண்டும் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். தாய் வீட்டுக்கு அருகில் பிறக்கட்டும், பிறகு 108-இல் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது நான் மறுத்ததற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. 1994-இல், என் துணைச் சுகாதார நிலைய எல்லைக்குள், ஒரு வீட்டுப் பிரசவத்தில் இதேபோல ஒரு ஆண் குழந்தை பிறந்தது. குடல் காய்ந்துவிடக் கூடாது என்று வெள்ளைத் துணியைக் கொதிக்கவைத்த தண்ணீரில் நனைத்து, ஆறவிட்டு, நானே சுற்றினேன். வாடகை வேனில் இரண்டரை மணி நேரம். சேர்ந்தபோது குழந்தை ஐஸ்கட்டி போல இருந்தது, அன்றிரவே போய்விட்டது. ஈரத்துணிதான் அந்தக் குழந்தையின் உடம்புச் சூட்டை உறிஞ்சியது என்று பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது, கையிலிருந்த நோட்டில் எழுதாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

பேத்தி 37-ஆவது வாரத்தில், வலி வரவைத்து, சுகப்பிரசவத்தில் பிறந்தாள். சிசேரியன் செய்தால்தான் குடலுக்கு அடிபடாது என்று உறவினர் பலர் சொன்னார்கள். இந்தக் குறைபாட்டுக்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, சிசேரியனால் குழந்தைக்குக் கூடுதல் நன்மை இருப்பதாகத் தெரியவில்லை என்று மகப்பேறு மருத்துவர் விளக்கினார். எடை 2 கிலோ 100 கிராம். எனக்குப் பிரசவ அறைக்குள் அனுமதி இல்லை. ஆனால் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், பழக்கப்பட்ட கண் என்பதால் எல்லாம் புரிந்தது. கொடி வெட்டியவுடன் குழந்தையைக் காலிலிருந்து மார்பு வரை, குடலோடு சேர்த்து, கிருமி நீக்கிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் இறக்கினார்கள். ஈரத்துணி இல்லை. பை ஈரத்தையும் சூட்டையும் உள்ளேயே வைத்திருந்தது, குடலின் நிறமும் வெளியே தெரிந்தது. குழந்தையை வலப்பக்கம் சாய்த்துக் கிடத்தினார்கள். மல்லாக்கக் கிடத்தினால் குடல் ஒரு பக்கம் தொங்கி, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மடங்கிவிடும். வாய் வழியாக இரைப்பைக்கு ஒரு டியூப் போட்டு, காற்றும் பித்தநீரும் தானாக வெளியேற வழி செய்தார்கள். டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், வைட்டமின் கே ஊசி. எல்லாம் முடிய 20 நிமிடம்கூட ஆகவில்லை. 1994-இல் எனக்குத் தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் பைதான்.

சிலோ என்று அவர்கள் சொல்லும் சிலிகோன் பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரை அதிகம் பயமுறுத்துவது அதுதான். வாய்ப்பகுதியில் ஸ்பிரிங் வளையம் வைத்த, கண்ணாடி போலத் தெளிந்த பை. குடலைப் பைக்குள் விட்டு, வளையத்தை அமுக்கிச் சுருக்கி ஓட்டைக்குள் நுழைத்தால், உள்ளே போய் விரிந்து வயிற்றுச் சுவருக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். தையல் வேண்டாம்; பெரும்பாலும் முழு மயக்கமும் வேண்டாம், சூடு கொடுக்கும் வார்மர் படுக்கையிலேயே வைத்துவிடலாம். பையின் மேல்முனையை நாடாவால் கட்டி, படுக்கைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து தொங்கவிடுவார்கள். பூமியின் இழுவையில் குடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். தினமும் ஒருமுறையோ இருமுறையோ மருத்துவர் மேலிருந்து மெதுவாக அழுத்தி, இறங்கிய அளவுக்குக் கீழே ஒரு நாடா கட்டுவார். எல்லாவற்றையும் முதல் நாளே உள்ளே திணித்தால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். குழந்தையின் வயிறு அந்தக் குடலோடு வளரவில்லை, உள்ளே இடம் சிறிது. பலவந்தமாக அடைத்தால் அழுத்தம் மேலே நுரையீரலையும் பின்னால் சிறுநீரகத்தையும் நெருக்கும், மூச்சு திணறும், சிறுநீர் நின்றுவிடும், குடலுக்கே ரத்தம் போகாமல் போகலாம். தொடக்க காலத்தில் இதனால் இறந்த குழந்தைகள் நிறைய. வயிற்றுக்கு வெளியே தற்காலிகமாக ஓர் உறை போட்டுப் படிப்படியாக உள்ளே தள்ளும் முறையை அமெரிக்க மருத்துவர் ஷூஸ்டர் 1967-இல் எழுதிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஸ்பிரிங் வளையம் அதற்கும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது.

பேத்திக்கு 4 சென்டிமீட்டர் வளையம் பொருந்தியது. நான்கு நாள்களில் குடல் முழுவதும் இறங்கிவிட்டது. அந்த நான்கு நாளும் ஒரு மணிக்கு ஒருமுறை குடலின் நிறத்தைப் பார்த்து அட்டவணையில் எழுதிய செவிலியர்களை நான் மறக்க மாட்டேன். இரண்டாம் இரவு 3 மணிக்கு வளையத்தின் அருகே குடல் கருஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டு ஒரு இளம் செவிலியர் அறுவைப் பட்டமேற்படிப்பு மருத்துவரை எழுப்பினார். நாடாவைத் தளர்த்தி, வளையத்தைச் சற்றுத் திருப்பி வைத்ததும் நிறம் திரும்பியது. இது அட்டவணையில் ஒரு வரியாக இருக்கும். அவர் அந்த மணிக்குப் பார்க்காமல் காலை 6 மணிக்குப் பார்த்திருந்தால் குழந்தையின் குடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு குறை. அந்த வாரமே இன்னொரு குழந்தை இதே குறைபாட்டோடு வந்தபோது பொருத்தமான அளவில் சிலோ பை இருப்பில் இல்லை. கிருமி நீக்கிய சிறுநீர்ப் பையை வெட்டி, மயக்கம் கொடுத்து, ஓட்டையின் விளிம்பில் தைத்து ஒப்பேற்றினார்கள். கைத்திறன் பாராட்டத்தக்கது, பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஆண்டுக்குப் பல குழந்தைகள் வரும் ஓர் இடத்தில் ஒவ்வோர் அளவிலும் இரண்டு பை எப்போதும் இருக்க வேண்டாமா? அந்தக் குழந்தையும் வேறோர் ஊரிலிருந்து, ஈரப்பஞ்சில் சுற்றப்பட்டு, மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தது. பிழைக்கவில்லை. எந்த மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஓட்டையை மூடினார்கள். தைத்து மூடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கு மாறாக, முதல் நாளிலிருந்தே காயவிடாமல் ஈரமாக வைத்திருந்த தொப்புள்கொடியின் மிச்சத்தை ஓட்டையின் மேல் மூடிபோல மடித்து வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்திரி போட்டார்கள். 2004-இல் வெளியான முறை இது. தழும்பு குறைவு, முழு மயக்கம் தவிர்க்கப்படுகிறது. கொடியை நீளமாக விட்டு வெட்டுங்கள் என்று பிரசவ அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது இதற்காகத்தான். பின்னாளில் தொப்புள் சற்றுப் புடைத்து நிற்கலாம், அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே உள்ளே போய்விடும் என்றார்கள்.

குடல் உள்ளே போனதும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மாப்பிள்ளை வீட்டார் அன்றே வண்டி பேசலாமா என்று கேட்டார்கள். உண்மையில் கஷ்டமான பகுதி அதன் பிறகுதான் ஆரம்பித்தது. பனிக்குடத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறிய குடல் தடித்து, வீங்கி, வேலை செய்ய மறந்து கிடக்கும். அது விழித்துக்கொள்ளும் வரை பாலில்லை, தண்ணீரில்லை. சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்புகள் எல்லாமே ரத்தக்குழாய் வழியாகத்தான். டி.பி.என். என்று வார்டில் சொல்வது இதைத்தான். 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டட்ரிக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் இல்லாத நிலையில் இருந்த ஒரு குழந்தையை இப்படி ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டி வளர்த்துக் காட்டிய பிறகுதான், மூடிய வயிற்றோடு பட்டினியால் இறந்துகொண்டிருந்த குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். எங்கள் பேத்தியின் கையிலிருந்து இருதயத்துக்கு அருகே வரை நூல் போன்ற ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் குழாய்தான் அவளுடைய உயிர், அவளுக்கு இருந்த பெரிய ஆபத்தும் அதுதான். அதன் வழியாகக் கிருமி ஏறினால் நேரே ரத்தத்துக்குப் போய்விடும்.

உலகத்தின் 74 நாடுகளில் 264 மருத்துவமனைகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2021-இல் லான்செட் இதழில் வந்தது. காஸ்ட்ரோஸ்கிசிஸோடு பிறந்த குழந்தைகளில் பணக்கார நாடுகளில் இறந்தவை 1.4 சதவீதம், நடுத்தர வருமான நாடுகளில் ஏறத்தாழ 32, ஏழை நாடுகளில் 90. ஒரே நோய், ஒரே ஓட்டை, ஒரே அளவு குடல். இந்த இடைவெளியைத் தையல் ஊசியால் விளக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்ததா, எந்த இடத்தில் பிறந்தது, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது, டி.பி.என். கிடைத்ததா, குழாயைத் தொட்ட கை கழுவப்பட்டதா என்பவைதான் விளக்கும். இந்த அளவுகோலில் இந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால், கை கழுவுவதில் முழு மதிப்பெண் கொடுப்பேன்: பேராசிரியர் ஒருவர் சோப்பு போடாமல் உள்ளே வந்தபோது, தற்காலிகப் பணியில் இருந்த ஒரு செவிலியர் அவரை நிறுத்தினார், அவரும் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய்க் கழுவினார். டி.பி.என். விஷயத்தில் பாதி மதிப்பெண்தான். கொழுப்புச் சத்து மருந்து இரண்டு நாள் இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை கலந்து தயாரிக்க ஆள் இல்லாததால் சனிக்கிழமையே இரண்டு நாளுக்கானதைச் செய்து குளிர்பெட்டியில் வைத்தார்கள். 19-ஆம் நாள் பேத்திக்குக் காய்ச்சல் கண்டு, பழைய குழாயை எடுத்துவிட்டு வேறு குழாய் போட்டு, ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் சுத்தமான கலவை அறையும் வாரம் முழுவதும் ஆளும் இருக்க வேண்டியது இந்தப் பிரிவின் முதல் தேவை என்று தயங்காமல் எழுதுகிறேன்.

பாலைப் பற்றிச் சொல்ல நல்லவை பல. பிறந்த குழந்தைக்குச் சேனை (சர்க்கரைத் தண்ணீர்) தொட்டு வைக்கக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவள் நான். அங்கே மூன்றாம் நாள், மகள் பீய்ச்சிக் கொடுத்த சீம்பாலைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுக் குழந்தையின் உள்கன்னத்தில் தடவியபோது, மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மருத்துவமனையில் அவள் சிரித்த முதல் நாள் அது. விழுங்குவதற்காக அல்ல, வாய்க்குள் நோயெதிர்ப்புச் சத்து படுவதற்காக. தாய்க்குப் பால் வற்றிவிடக் கூடாது என்பதற்காக மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பால் எடுக்க வைத்தார்கள். தாய்ப்பால் வங்கியில் பெயர் எழுதிச் சேமித்தார்கள். இரைப்பை டியூபில் வரும் நீர் கரும்பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளாகி, பிறகு தெளிந்து, 12-ஆம் நாள் குழந்தை மலம் கழித்ததும் வார்டே கொண்டாடியது. 14-ஆம் நாள் முதல் பால், மூன்று மணிக்கு ஒருமுறை 2 மில்லி. ஒரு நாள் கூட்டுவார்கள், மறுநாள் வயிறு உப்பினால் நிறுத்துவார்கள், மறுபடியும் 2 மில்லியிலிருந்து தொடங்குவார்கள். ஏணியில் மூன்று படி ஏறி இரண்டு படி இறங்குவதுபோல இருந்த அந்த மூன்று வாரத்தில், தாய்மார்கள் மனம் உடைந்துபோவதை நான் பார்த்தேன். இப்படித்தான் ஏறும், இது தோல்வியில்லை என்று எழுதிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டினால்கூடப் பாதிக் கண்ணீர் குறையும். 36-ஆம் நாள் முழு அளவுப் பால் கொடுக்க முடிந்தது, டி.பி.என். குழாயை எடுத்தார்கள். டியூபிலிருந்து பாலாடை எனும் சங்கு போன்ற கிண்ணத்துக்கும், பாலாடையிலிருந்து மார்புக்கும் மாற மேலும் ஐந்து நாள்.

பக்கத்துப் படுக்கையில் பெரிய ஆம்ஃபலோசீலோடு ஓர் ஆண் குழந்தை இருந்தது. சவ்வுப் பைக்குள் ஈரல். அவனுக்கு அறுவையே செய்யவில்லை. பையின் மேல் தினமும் மருந்து தடவிக் கட்டுக் கட்டினார்கள், வாரங்கள் போகப் போகச் சவ்வு காய்ந்து, ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து மூடியது. சுவரைச் சேர்க்கும் அறுவை ஓரிரு வயதுக்குப் பிறகு. இதையும் சிகிச்சை என்று நம்பவைக்க அவன் அப்பாவிடம் மருத்துவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. சும்மா தைலம் தடவுகிறார்கள் என்று அவர் இரண்டு முறை டிஸ்சார்ஜ் கேட்டார்.

தாய்மாருக்கு இடம் என்ற விஷயத்தில் இந்த மருத்துவமனை தோற்றுவிட்டது. ஏழாம் நாள் மகளைப் பிரசவ வார்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். குழந்தை உள்ளே, தாய் வராந்தாவில். பச்சை உடம்புக்காரி 34 நாள் பாய் விரித்துப் படுத்தாள். அருகில் உள்ள கழிப்பறை காலை 9 மணிக்கு மேல் பயன்படுத்தும் நிலையில் இருக்காது. மூன்று மணிக்கு ஒருமுறை பால் எடுக்கச் சொல்லும் ஒரு நிறுவனம், அந்தப் பாலைச் சுரக்கும் உடம்புக்கு ஒரு கட்டில் கொடுக்காதது எனக்குப் புரியவில்லை. வாசல் காவலர் ஒருவர் ஒவ்வொரு முறையும் டீக்குக் காசு எதிர்பார்த்தார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். சிகிச்சைக்கோ மருந்துக்கோ நாங்கள் ஒரு ரூபாயும் கட்டவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் நகலோடு கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

டிஸ்சார்ஜ் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு குடும்பம் மறக்கவே கூடாத செய்தியை, குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் எந்த நேரமாக இருந்தாலும் உடனே கொண்டுவர வேண்டும் என்பதை, செவிலியர் வாயால்தான் சொன்னார். இந்தக் குழந்தைகளின் குடல் வழக்கமான அமைப்பில் இருக்காது, முறுக்கிக்கொள்ளவும் ஒட்டிக்கொண்டு அடைபடவும் வாய்ப்புண்டு. அந்த நிலையில் ஆறு மணி நேரம் தாமதித்தால் எல்லாம் வீணாகிவிடும். நான் அதை நோட்டுத் தாளில் பெரிதாகத் தமிழில் எழுதி, மகள் வீட்டுத் தொட்டில் கம்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இத்தகைய மருத்துவமனைக்குப் போவோருக்கு: ஸ்கேனில் தெரிந்த அன்றே போங்கள், 34-ஆவது வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் போன இடத்தில் புறநோயாளிச் சீட்டு காலை 7.30-க்கே கொடுக்கத் தொடங்குகிறார்கள், 9 மணிக்குப் போனால் மதியம் ஆகிவிடும். பாய், ஃபிளாஸ்க், இரண்டு மாதத்துக்கான மாற்றுத்துணி, பால் எடுக்கச் சிறிய மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணங்கள் எடுத்துப் போங்கள்.

பேத்திக்கு இப்போது ஏழு மாதம், 6 கிலோ 800 கிராம். தொப்புள் ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து நிற்கிறது, அழும்போது இன்னும் பெரிதாகத் தெரியும். சம்பந்தியம்மாள் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, தொப்புளில் வைத்துக் கட்ட வெள்ளைத் துணியும் கிழித்து வைத்திருந்தார். காசு கட்டினால் தோல் புண்ணாகும், அழுத்தத்தால் எந்தப் பயனும் இல்லை, மூன்று நான்கு வயது வரை பார்ப்போம் என்று அறுவை மருத்துவரான அம்மையார் சொன்னார். காசு இப்போது பேத்தியின் உண்டியலில் கிடக்கிறது.